மச்சம் சொன்னவள்

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. கிரீச்... கிரீச்...

காப்பகத்தின் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளை இல்லை.

"ஆயா, என் அன்ஸி எங்கே?"

"உங்க வீட்டிலேர்ந்து வந்து இப்பத்தானே தூக்கிட்டுப் போனாங்க?"

வினோலியா ஆடும் தொட்டிலைப் பிடித்து நிறுத்தினாள். "கேட்டதும் கொடுத்துடுவீங்களா?"

"வெறும் தெருப் பேரைச் சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டேன். காதுக்குப் பின்னால மச்சம்னாங்க. அவ்வளவு தெரிஞ்சவங்களை எப்படிம்மா சந்தேகப்படுறது?"

தெருவுக்கு ஓடினாள். செருப்பு ஒன்று வாசலிலேயே கழன்றுவிட்டது. மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

விளக்குக் கம்பத்தடியில் ஹசீனா நின்றிருந்தாள். தோளில் அன்ஸி தூங்கிக்கொண்டிருந்தது.

ஹசீனா வயதில் ஐந்து வருடம் இளையவள். இணைய இணைப்பு தரும் கம்பெனியில் வினோலியாவுக்கு வேலை கற்றுத்தரும் குரு.

வினோலியா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். "நீங்கல்லாம் ஒரு மனுஷியா, மேடம்?"

"மத்தியானம் ஒரு கேள்வி கேட்டீங்களே, அக்கா."

கேட்டிருந்தாள். அன்று பதினோரு நிமிடம், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய தகவலெல்லாம் முன்பின் தெரியாத எவனிடமோ போய்ச் சேர்ந்தது. பூட்டு உடையவில்லை. பாஸ்வேர்டு திருடு போகவில்லை. "இந்த இணைய முகவரிகளெல்லாம் எங்களிடம்" என்று கம்பெனி மற்ற கம்பெனிகளுக்கு மொத்தமாக அறிவித்திருந்தது. அவன் அதற்குள் ஒரு சின்னத் துண்டை மட்டும் குறிப்பாகச் சொல்லி, "இது என்னிடம்" என்றான். மற்ற கம்பெனிகளெல்லாம் தகவலை அவன் பக்கம் திருப்பிவிட்டன.

"எப்படி மேடம் நம்பினாங்க?" என்பதுதான் அந்தக் கேள்வி.

"மச்சத்தை உங்களுக்கு யார் சொன்னது?"

"நீங்கதான். தினமும் சாப்பாட்டு நேரத்துல போட்டோ காட்டுறீங்களே."

எந்த முகவரியை யார் சொல்லலாம் என்று கருவியில் ஏற்றவேண்டிய பட்டியல் வினோலியாவின் மேசையில் மூன்று வாரமாகக் கிடந்தது. பக்கத்து கம்பெனிக்காரர்கள் அவள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள். அவர்களைப் போய்ச் சோதிப்பதா என்று தள்ளிப்போட்டிருந்தாள். அவன் சொன்ன பொய் அவர்கள் வழியாகத்தான் உள்ளே வந்தது.

பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, ஒற்றைச் செருப்போடு ஆபீசுக்கு நடந்தாள். பட்டியலை எடுத்துக்கொண்டு கருவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் யாரோ தட்டினார்கள்.

"அக்கா, நான்தான். ஹசீனா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

வெளியே ஒரு சிரிப்பு. "உங்க செருப்பு என் கையில இருக்கு. இடது கால். வார்ல பச்சை நூல் தையல்."

வினோலியா எழுந்து வந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.