ஒரே வாய்க்காலில் எட்டுப் பன்றிகள்

காட்டுக் குளம் வற்றிக்கொண்டிருந்தது. மீன்கள் முதுகு வெளியே தெரியச் சேற்றில் புரண்டன. குன்றடியில் ஊற்று ஒன்று இருந்தது. அங்கிருந்து வாய்க்கால் வெட்டினால்தான் பிழைக்கலாம்.

செங்கண்ணி என்ற விரால் மீன் நரி மந்திரியிடம் கெஞ்சியது. "என் குஞ்சுகளைக் காப்பாற்றுங்கள், மந்திரியாரே!"

"கவலையை விடு!" என்றது நரி. "ஒரு காட்டுப்பன்றி வெட்டினால் எட்டு நாள் ஆகும். எட்டுப் பன்றிகளை இறக்குகிறேன். ஒரே நாளில் தண்ணீர்!"

பன்றிகள் வந்தன. நரி அவற்றை ஊற்றை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியது. முதல் பன்றி தோண்டியது. மற்ற ஏழும் முன்னால் நின்றதன் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.

"தள்ளாதே!"

"நீ நகரு!"

"யாரடா குசு விட்டது?"

சாயங்காலம் பார்த்தால், ஒரு பன்றி தோண்டும் நீளத்துக்குத்தான் வாய்க்கால் நீண்டிருந்தது. சண்டை மட்டும் எட்டு மடங்கு.

"தண்ணீர் எங்கே?" என்று செங்கண்ணி அழுதது.

"இன்னும் எட்டுப் பன்றி சேர்த்தால் சரியாகிவிடும்!" என்றது நரி.

வரிசையின் கடைசியில் நின்ற சிலுப்பி என்ற பெண்பன்றிக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று விலகிப்போய், பாதி வழியில் தனியாகத் தோண்டத் தொடங்கியது.

"ஏய்! வரிசையைக் கலைக்காதே!" என்று நரி அதட்டியது.

"போங்கள் ஐயா! உங்கள் வரிசையில் என் மூக்கு முகரத்தான் பயன்படுகிறது, தோண்ட இல்லை!"

மற்ற பன்றிகள் ஒன்றையொன்று பார்த்தன. அவையும் ஆளுக்கொரு இடம் பிடித்தன.

"கோணாமல் நேராகத் தோண்டுங்கள்!" என்று சிலுப்பி கத்தியது. "இல்லாவிட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று சேராது. அப்புறம், ஊற்றுவாயில் ஒரு பாறை இருக்கிறது. அங்கே ஒருவருக்குத்தான் இடம். முரடா, நீ இப்போதே அங்கே போ! நாங்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தால் மீன்களெல்லாம் கருவாடாகிவிடும்!"

முரடன் என்ற பன்றி ஓடியது. மறுநாள் மதியமே மற்ற ஏழும் முடித்துவிட்டன. முரடன் மட்டும் பாறையோடு முட்டி மோதிக்கொண்டிருந்தது. ஏழு பேர் சேர்ந்து கத்தினாலும் பாறை சீக்கிரம் நகரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அது 'டமார்' என்று உருண்டது. தண்ணீர் சீறிப் பாய்ந்தது!

செங்கண்ணி தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஆழத்துக்கு நீந்தியது.

"பார்த்தீர்களா, என் திட்டத்தை!" என்று நரி மார்தட்டியது. பன்றிகள் புதுத் தண்ணீரில் குதித்துப் புரண்டு, மந்திரியாரைத் தலைமுதல் வால்வரை சேற்றில் குளிப்பாட்டின.

ஆளைக் கூட்டினால் மட்டும் வேலை விரைவாகாது. பங்கிட்டுக் கொடுத்து, ஒருவரால் மட்டுமே ஆகக்கூடியதை முதலில் தொடங்கினால்தான் விரைவாகும்.