ஆட்டுக்கடனும் நூத்துக்கு நூறும்

தாண்டவமூர்த்தி சார் தும்மினாக்கூடப் பொருளாதாரத் துறையே எந்திரிச்சு நிக்கும். அவர்கிட்ட பிஎச்டி பண்ண வந்து மாட்டினவ அமலி.

ஆடு வாங்கக் கடன் குடுத்தா கிராமத்துல வருமானம் ஏறும்னு சார் ஏற்கெனவே மேடை மேடையா முழங்கியாச்சு. அமலி ஊர் ஊரா அலைஞ்சு விசாரிச்சா, பாதிப் பேருக்கு மேல ஏறவே இல்ல.

"ஏறாதவங்கள்லாம் விதிவிலக்கும்மா. கணக்குலேருந்து தூக்கிடு. இல்லேன்னா உன் தீசிஸ்ல என் கையெழுத்து விழாது."

"அப்படியா சார்? நல்ல வழியா இருக்கே!"ன்னா அமலி.

அந்த வாரமே சாருக்குப் பாராட்டு விழா. துணைவேந்தர் முன்வரிசையில உக்காந்திருக்கார். மாணவர்கள்கிட்ட கருத்துக் கேட்டுச் சொல்ற வேலை அமலி தலையில விழுந்துச்சு. மைக்கைப் பிடிச்சா.

"சார் நடத்துற பாடம் நல்லாப் புரியுதுன்னு நூத்துக்கு நூறு சதவீதம் சொல்லியிருக்காங்க!"

ஒரே கைதட்டல். சார் மீசையைத் தடவிக்கிட்டார்.

"அதெப்படிம்மா, ஒருத்தர்கூடவா மாத்திச் சொல்லல?"ன்னு துணைவேந்தர் கேட்டார்.

"சொன்னாங்கய்யா. புரியலன்னவங்களையெல்லாம் விதிவிலக்குன்னு தூக்கிட்டேன். ஆட்டுக்கடன் ஆய்வுக்கு சார் சொல்லிக்குடுத்த வழிதான்."

"அப்ப மிச்சம் எத்தனை பேரு?"

"ஒருத்தன்தாங்கய்யா. சாரோட மச்சினர் பையன்."

அரங்கமே குலுங்கிச்சு. துணைவேந்தர் மட்டும் சிரிக்கல. "தாண்டவமூர்த்தி, ஊர்க்காரங்க எல்லாரையும் சேர்த்த தீசிஸ், உங்க கையெழுத்தோட நாளைக்குக் காலையில என் மேசைக்கு வரணும்"னார். சார் அப்பவே பேனாவைத் தேட ஆரம்பிச்சுட்டார்.

அமலி வெளிய வந்தா, அந்த மச்சினர் பையன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"அக்கா, நான் மாமாவுக்குப் பயந்துதான் புரியுதுன்னு சொன்னேன். என்னையும் தூக்கிடுங்கக்கா!"