பூட்டிக் கொடுத்த கோப்புகள்

ஏலகிரி மலைமேல் தில்லைநாயகி அம்மாள் என்று ஒருவர் இருந்தார். வயது நாற்பதுதான். வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்லி அழுவதற்கென்றே ஜனங்கள் பஸ் பிடித்து அவரைத் தேடி வருவார்கள். கேட்டதை மடிக்கணினியில் குறித்து வைத்துக்கொள்வார். மறுமுறை வருகிறவர் முதலிலிருந்து அழ வேண்டாமே என்றுதான்.

அவருடைய சீடர் கோதண்டபாணி, குருவைவிட இருபது வயது மூத்தவர். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதிரே யார் கண்ணைக் கசக்கினாலும் மனிதருக்கு மனசு இளகிவிடும். ஆபீசில் அதற்காகவே இரண்டு முறை மெமோ வாங்கியிருக்கிறார்.

மடிக்கணினி மக்கர் பண்ண ஆரம்பித்ததால், குறிப்புகளைக் கிளவுடில் சேமிப்பதென்று முடிவாயிற்று. ஏற்றும் வேலை கோதண்டபாணிக்கு. ஆனால் ஒவ்வொரு ஃபைலையும் அம்மாள் தானே மறையாக்கம் செய்து, பாஸ்வேர்டு இல்லாமல் யாராலும் படிக்க முடியாதபடி ஆக்கிய பிறகுதான் கொடுப்பார். பாஸ்வேர்டு அவர் மனசில் மட்டும் இருந்தது.

சீடருக்கு இது உறுத்தியது.

"கிளவுட் கம்பெனிக்காரனே பூட்டித்தாம்மா வெச்சிருக்கான். அதுக்கு மேல நாம எதுக்கு இன்னொரு பூட்டு?"

"அவன் பூட்டுக்குச் சாவி அவன்கிட்ட இருக்கு."

"நீங்க பாஸ்வேர்டை மறந்துட்டா?"

"பட்டவங்க மறக்க மாட்டாங்க. திரும்பக் கேட்டுக்குவேன்."

"அதை எனக்காவது சொல்லக் கூடாதா? என்மேலயும் நம்பிக்கை இல்லையா?"

"சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேட்டார் அம்மாள்.

கோதண்டபாணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

அந்த வாரம் அம்மாள் வேலூர் போயிருந்த ஒரு மத்தியானம், ஒருவன் வந்தான். புருஷன் அடி தாங்காமல் அம்மாளிடம் ஓடிவந்திருந்தாளே பூங்கோதை என்று ஒருத்தி, அவளுடைய புருஷன்தான் அவன். அவளை அம்மாள்தான் ஓரிடத்தில் பத்திரமாகத் தங்க வைத்திருந்தார். எங்கே என்பது அவளுடைய ஃபைலில் இருந்தது.

அவன் அதட்டவில்லை. நேரே கோதண்டபாணியின் காலில் விழுந்தான்.

"குடியை விட்டுட்டேன் சார். எங்கம்மா சாகக் கெடக்கறா. மருமகளை ஒரு தடவை பாக்கணும்னு உசிரைப் பிடிச்சிட்டிருக்கா. எடத்தை மட்டும் சொல்லுங்க."

தேம்பித் தேம்பி அழுதான். கோதண்டபாணிக்கும் கண் நிறைந்துவிட்டது. கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பூங்கோதை வந்துபோன தேதியை வைத்து அவள் ஃபைலைத் தேடி எடுத்தார். அது பாஸ்வேர்டு கேட்டது. அம்மாள் பெயரைப் போட்டுப் பார்த்தார். மலையின் பெயரைப் போட்டார். தெரிந்த சாமி பெயரையெல்லாம் போட்டார். எதற்கும் திறக்கவில்லை.

"எனக்குத் தெரியலப்பா," என்றார். "நெசமாவே தெரியல."

அழுகை சட்டென்று நின்றது.

"எத்தனை நாளைக்கு ஒளிச்சு வெப்பீங்கன்னு பாக்கறேன். கையில கெடைக்கட்டும், வெட்டிப் போட்டுட்டுத்தான் மறுவேலை."

நாற்காலியை எட்டி உதைத்துவிட்டுப் போனான்.

கோதண்டபாணி கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அம்மாள் வந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மாள் முதலில் போலீசுக்குப் போன் செய்தார். அடுத்து பூங்கோதையைக் கூப்பிட்டு, ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார். சீடரை ஒரு சுடுசொல் சொல்லவில்லை. இப்படியும் ஒரு மனுஷி இருக்க முடியுமா என்று கோதண்டபாணிக்கு வியப்பாக இருந்தது. அதுவே அவரை இன்னும் அதிகமாக வருத்தியது.

"திறந்திருந்தா சொல்லியிருப்பேம்மா," என்றார். "ஒரு பொண்ணோட உசிரைத் தூக்கிக் குடுத்திருப்பேன். இந்த வேலைக்கு நான் லாயக்கில்ல. ஊருக்குப் போறேன்."

"போறதுன்னா போங்க. நாளைக்கு நாலு ஃபைல் இருக்கு, அதை ஏத்திட்டுப் போங்க."

"இன்னுமாம்மா என்கிட்ட குடுக்கறீங்க?"

"பூட்டித்தானே குடுக்கறேன் ஐயா. பூட்டாம குடுத்திருந்தா, இன்னைக்கு அவளோட சேத்து உங்களையும் இழந்திருப்பேன்."