நிறைநகரின் இடைவேளை

திரைப்படங்களில் வரும் பொன்னுலகங்களை வில்லன்கள்தான் கெடுக்கிறார்கள் என்று பரவலாக நம்பப்படுகிறது. இது முற்றிலும் பிழை. இதைத் திருத்தாமல் மேலே செல்வது முறையாகாது. வில்லன் பெரும்பாலும் இடைவேளையை ஒட்டித்தான் வருகிறான். அதற்குள் வேலை முடிந்திருக்கும்.

இயக்குநர் அறவாழிக்கு இது தெரியாது. இருபத்திரண்டு ஆண்டு உதவி இயக்குநராக இருந்துவிட்டு, ஐம்பத்து மூன்றாம் வயதில் முதல் படம் எடுத்திருந்தார். பசியும் சண்டையும் இல்லாத நிறைநகர் என்ற ஊர் நரகமாக மாறுவதுதான் கதை. தயாரிப்பாளர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஊர் ஜோரா இருக்கு. அது நரகமாகிற இடம்தான் நம்புற மாதிரி இல்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா படம் வெளிய வராது.”

அன்று செவ்வாய். அறவாழி படத்தொகுப்பாளர் மெஹருன்னிசாவின் அறைக்கு ஓடினார். மெஹருன்னிசா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அறவாழி அவரைத்தான் குரு என்பார்.

“குருவே, காப்பாத்துங்க.”

“குருன்னா தலை நரைச்சிருக்கணும். அது உங்ககிட்டதான் சார் இருக்கு.”

“விளையாடாதீங்க. சோறு இறங்க மாட்டேங்குது. சொர்க்கம் எந்த இடத்துல நரகமாகுது? அதைச் சொல்லுங்க, அங்க இடைவேளை போட்டுடறேன்.”

“இப்ப எங்க போட்டிருக்கீங்க?”

“பாதாளச் சிறையில. நகரத் தலைவர் கதவைத் திறக்கிறார். உள்ள எலும்புக்கூடு.”

“எத்தனை?”

“நாற்பது.”

தலைகளை எண்ணினால் முப்பத்தொன்பது என்பதே சரி. ஒன்றுக்குத் தலை இல்லை.

“தயாரிப்பாளர் பார்த்துட்டு என்ன பண்ணினார்?”

“சிரிச்சார்.”

அறவாழியின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. தயாரிப்பாளர்தான். அறவாழி எடுக்கவில்லை.

மெஹருன்னிசா போன வாரம் எடுத்த கடைத்தெருக் காட்சியை ஓடவிட்டார். இருநூறு துணை நடிகர்கள் சிரித்தபடி நடந்தார்கள்.

“இது ரெண்டாம் நாள் எடுத்தது.”

இன்னொன்றை ஓடவிட்டார். அதே தெரு, அதே ஆட்கள்.

“இது நாலாம் நாள். எது நல்லாயிருக்கு?”

“நாலாம் நாள். சந்தேகமே வேண்டாம். ஒரு முகம்கூட வாடலை பாருங்க.”

“ரெண்டாம் நாள் பூக்கடைகிட்ட மஞ்சள் சேலையில ஒரு அம்மா நிக்கறாங்க. நாலாம் நாள் காணோமே?”

அறவாழி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சகாயமேரி. பல்வலி. கன்னம் வீங்கியிருந்தது. சிரிங்கன்னா சிரிக்க வரலை. மூணாம் நாள் காலையில அனுப்பிட்டேன்.”

“தனியாக் கூப்பிட்டுச் சொன்னீங்களா?”

“மைக்குல.”

“திட்டிட்டீங்களோ?”

“சேச்சே. ரொம்ப மரியாதையா. இந்த ஊர்ல எல்லாரும் சந்தோஷமா இருக்கணும்மா, நீங்க கிளம்புங்கன்னேன்.”

“அப்புறம் மத்தவங்களைச் சிரிக்கச் சொன்னீங்களா?”

அறவாழி யோசித்தார். கைப்பேசி மறுபடியும் அதிர்ந்து ஓய்ந்தது.

“இல்லை. சொல்லவே வேண்டியிருக்கலை.”

மெஹருன்னிசா நாலாம் நாள் காட்சியை அப்படியே நிறுத்தினார். இருநூறு முகங்கள் அசையாமல் நின்றன. எல்லா வாயிலும் பற்கள் தெரிந்தன. கண்கள் மட்டும் கடையையும் பார்க்கவில்லை, பூவையும் பார்க்கவில்லை. கேமராவுக்குச் சற்று இடப்புறம், ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“அங்க என்ன இருந்தது சார்?”

அறவாழி உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“என் நாற்காலி.”

திரையை விட்டு முகத்தைத் திருப்பினார். மெஹருன்னிசாவிடம் கேட்டார்:

“அப்ப இடைவேளை?”

“மூணாம் நாள் காலையில கேமரா ஓடிச்சா?”

“இல்லை.”

“செட்டை இன்னும் பிரிக்கலையே. அந்தக் காலையை எடுங்க. அதுதான் இடைவேளை.”

புதன்கிழமை சகாயமேரியைத் திரும்ப அழைத்து வந்தார்கள். கன்னத்தில் வீக்கம் இன்னும் வடியவில்லை. கடைத்தெரு முனையில் அறவாழியைக் கண்டதும், யாரும் சொல்லாமலே, பல் தெரியச் சிரித்தார்.