கிணற்றில் கிடந்த கல்யாணக் குடம்

அறுபது வயது மாணவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குருவைத் தேடி ஓடுவதை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. மாணவர் பெயர் மாசிலாமணி, ஊர் மன்றத்தின் தலைவர். அவருடைய குரு நிறைமதி அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஊர் அதைச் சொல்லிச் சிரிக்கும். மாசிலாமணி காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

மடத்தை ஒட்டிய ஊர்க் கிணற்றடியில் அம்மை செம்பும் கையுமாக நின்றிருந்தார்.

"அம்மா, உச்சிக்கு மன்றம் கூடுது. அதுக்குள்ள நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். பூங்காவனம் வழக்குக் கொண்டுவந்திருக்கு."

"யார் மேல?"

"பெரிய வீட்டுச் செங்கோடன் மேல!"

அந்தக் கதை ஊருக்கே தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால், மடையைத் திறந்துவிட்டாள் என்று செங்கோடன் மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் பூங்காவனத்தின் வலது கை முறிந்தது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கையால் அவள் ஒரு கதிர் அறுத்ததில்லை.

"என்ன கேக்கறா?"

"அவ இருக்கற வரைக்கும் அவ வயலுக்குச் செங்கோடன் ஒரு ஆள் விடணுமாம். தன் கை செய்யாத வேலையை அந்த ஆள் கை செய்யணுமாம்."

"சரியாத்தானே கேக்கறா?"

"கேக்கறது சரிதாம்மா. கேக்கற காலம் சரியில்லையே! பன்னிரண்டு வருஷம் தாண்டின வழக்கு மன்றம் ஏறக்கூடாதுன்னு கட்டுப்பாடு. பார்த்தவங்கள்ல பாதிப் பேர் போய்ச் சேர்ந்தாச்சு. செங்கோடனும் இப்போ பழைய ஆளில்ல, நாலு பேருக்கு நல்லது பண்றான். இத்தனை வருஷம் வாயைத் திறக்காம இருந்துட்டு இப்போ வந்து நின்னா எப்படி? இனிமே கிளறி என்ன ஆகப்போகுது?"

அம்மை செம்பைக் கிணற்றுக்கு மேலே நீட்டினார். விரல்களை விரித்தார். தொபுக்கென்று சத்தம் கேட்டது.

"செம்பு விழுந்திடுச்சு. பாதாளக்கரண்டியைக் கொண்டாங்க."

விழுந்ததா, போட்டதா என்று கேட்க மாசிலாமணிக்கு நாக்கு துறுதுறுத்தது. குருவாயிற்றே! மடத்துக்குள் போய்க் கரண்டியை எடுத்து வந்தார். கொத்துக் கொத்தாக இரும்புக் கொக்கிகள் தொங்கும் அதைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார்.

கரண்டி இறங்குகிறது என்று தெரிந்ததும் தெருவே திரண்டுவிட்டது. அந்தக் கிணற்றில் எதையாவது பறிகொடுக்காத வீடு ஊரில் கிடையாது. மன்றத்துக்குக் கிளம்பிய பூங்காவனமும் வந்து நின்றாள்.

முதலில் செம்பு வந்தது. மாசிலாமணி கயிற்றைச் சுருட்டப் போனார்.

"இன்னொரு தடவை விடுங்க," என்றார் அம்மை.

ஒரு வாளி வந்தது. அடுத்த தடவை குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை ஒன்று வந்தது. "ஐயோ, எங்க தம்பியோடது!" என்று ஒருத்தி கத்தினாள். மீசை முளைத்த அந்தத் தம்பி வெட்கப்பட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் பதுங்கினான். சிரிப்பு அடங்க வெகுநேரமானது.

நான்காவது தடவை கயிறு கனத்தது.

"இழுங்க! விட்டுடாதீங்க!"

ஆளுக்கு ஒரு கை போட்டார்கள். பூங்காவனமும் இடது கையால் பிடித்து இழுத்தாள். சேறும் பாசியுமாக ஒரு குடம் மேலே வந்தது. யாரோ புளியைக் கொண்டுவந்து தேய்த்தார்கள். கருப்பு விலகி, கழுத்தில் வெட்டியிருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மா... சி... லா...

மாசிலாமணி குதித்தே விட்டார்.

"என் குடம்! என் கல்யாணக் குடம்! இருபத்தாறு வருஷம்! என் வீட்டுக்காரி வடிவு மூணு நாள் சோறு தின்னாம அழுதாளே! யாராவது ஓடிப்போய் அவகிட்டச் சொல்லுங்கப்பா!"

சேறு ஒழுகும் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அம்மை எட்டிப் பார்த்தார். "அடியில ஓட்டை இருக்கே. இனிமே இது எதுக்கு ஆகும்?"

"ஓட்டைன்னா என்னம்மா? அடைச்சுக்கறேன்!"

"இருபத்தாறு வருஷம் தாண்டிடுச்சே."

"தாண்டினா? ஊரான் குடம்னு ஆயிடுமா? இதோ என் பேர் இருக்கு பாருங்க!"

தன் வாயில் என்ன வருகிறது என்று அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. சந்தோஷம் அப்படி.

"அப்பவே ஏன் எடுக்கல?"

"எப்படிம்மா எடுக்கறது? ஊருக்கே ஒரே கரண்டி. அது பெரிய வீட்டுல இருந்தது. கேட்டா, ஒரு பாத்திரத்தை ஈடா வச்சுட்டு எடுத்துப் போன்னு சொல்லுவாங்க. நான் அப்போ அவங்க பண்ணையாள். வீட்டுல உருப்படியா இருந்ததே இந்த ஒரு குடம்தான், அதுவும் உள்ள போயிடுச்சு. எதைக் கொண்டுபோய் வைப்பேன்? வாசல்ல போய் நின்னேன். செங்கோடனோட அப்பா, கையை வீசிக்கிட்டு வந்துட்டியான்னு விரட்டிட்டார். போன தையில கொல்லர் மடத்துக்குன்னு ஒண்ணு அடிச்சுக் கொடுத்த பிறகுதானே நம்ம கைக்குக் கரண்டி வந்தது! அதுக்குள்ள, இனிமே எங்க கிடைக்கப்போகுதுன்னு நானும் விட்டுட்டேன்."

"அப்போ மன்றம் எங்க கூடும்?"

"அதுவும் பெரிய வீட்டு முற்றத்துலதான். அந்தப் பெரியவர்தானே தலைவர்! அஞ்சு வருஷம் முன்னால நான் தலைவரா வந்த பிறகுதான் அரசமரத்தடிக்கு..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே பூங்காவனம் கயிற்றை இன்னும் இடது கையிலேயே பிடித்திருந்தாள். கோணிப்போன வலது கை முந்தானைக்குள் இருந்தது.

மாசிலாமணி குடத்தை மெல்லக் கீழே வைத்தார்.

"தலைவரே," என்றார் அம்மை, "அவளுக்கும் அப்போ கரண்டி அந்த வீட்டுலதான் இருந்தது."