மழை நனைக்காத கோடு

நீலகிரி உச்சியில் ஒரு புல்வெளி. அந்த மண் எவ்வளவு கரியமில வாயுவை வெளியே விடுகிறது என்று வருடக்கணக்கில் அளந்துகொண்டிருந்தார் கொழுந்துவேல். கல்லூரி வாத்தியார், லீவு போட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். வழிகாட்டி ஹெப்சிபா மேடம் அவரைவிட இளையவர். ஆனாலும் குரு குருதானே.

மண்ணில் அங்கங்கே அடித்து இறக்கிய வளையங்கள், அளக்கும் வளையத்தின் மேலே ஒரு மூடி, மூடியிலிருந்து கருவிக்கு ஒரு குழாய். மண் விடும் மூச்சு உள்ளே சேரச் சேரக் கருவியில் எண் ஏறும். அந்த எண்களை வைத்து ஒரு மாடல் செய்திருந்தார். மண்ணின் சூட்டைச் சொன்னால் போதும், எவ்வளவு வாயு வரும் என்று அது சொல்லிவிடும். வரைபடத்தில் அளந்த புள்ளியெல்லாம் மாடல் போட்ட கோட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இவர் குஞ்சோ நிஜமாகவே மின்னியது.

“லீவு இந்த வாரத்தோட முடியுது மேடம். இனி கிடைக்காது. நீங்க கையெழுத்துப் போட்டா ஆய்வேட்டைக் குடுத்துடுவேன். இல்லேன்னா இத்தனை உழைப்பும் விழலுக்கு இறைச்ச நீர்தான்.”

“அளக்கிறதைப் பார்த்துட்டுப் போடுறேன்.”

மேடத்தைக் கூட்டிக்கொண்டு மேட்டில் ஏறி, கொழுந்துவேல் வளையத்தின் மேல் மூடியை வைத்தார். எண் கோட்டிலேயே வந்து நின்றது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கோடை மழை பிடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த தரை. கொழுந்துவேல் அடித்துப் பிடித்து மூடியைத் தூக்கிவிட்டுக் குழாயைக் கழற்றப் போனார்.

“ஜீப்புக்கு ஓடிடுங்க மேடம்! மிஷின் நனைஞ்சா அவ்வளவுதான்!”

மேடம் நகரவில்லை. தன் குடையை விரித்துக் கருவிக்குப் பிடித்தார். அவர் தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“மூடியை மறுபடி வைங்க.”

வைத்தார். எண் விறுவிறுவென்று ஏறி, கோட்டைத் தாண்டி எங்கோ போயிற்று.

“ஈரம் பட்டு மிஷின் உளறுது மேடம்.”

“சிலிண்டரை மாட்டிப் பாருங்க.”

அளவு தெரிந்த வாயு அடைத்த சிலிண்டர் அது. மாட்டினார். கருவி இம்மி பிசகாமல் அந்த அளவையே காட்டியது.

“மழையில எப்பெல்லாம் அளந்தீங்க?” என்றார் மேடம்.

“மழையிலயா? தூறல் விழுந்தாலே மூட்டை கட்டிடுவோம். தரை காஞ்சப்புறம்தான் வருவோம். எல்லாரும் அப்படித்தானே மேடம்.”

மேடம் குடையைக் கருவியின் மேல் இன்னும் தாழ்த்திப் பிடித்தார்.

“அப்ப என் மாடல் தப்பா?” என்றார் கொழுந்துவேல். “கையெழுத்து...?”

“தப்புன்னு யாரு சொன்னா? வெயில்ல மண்ணு என்ன பண்ணும்னு சரியாச் சொல்லுது. மழையில நீங்க என்ன பண்ணுவீங்கன்னும் சொல்லுது.”

கொழுந்துவேல் நனைந்தபடியே மூடியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வளையத்துக்கு நடந்தார்.