நாற்பத்தொன்றாம் எண் படம்

இந்தக் கதையில் வரும் நால்வரும் ஒரு பெண்ணின் நன்மையைத்தான் நினைத்தார்கள். அதனால்தான் தீர்ப்புச் சொல்வது கடினமாக இருக்கிறது.

ஆவுடைநாயகி தென்காசியில் தபால் அலுவலக எழுத்தர். வயது முப்பத்தாறு. பத்தொன்பது வயதிலிருந்து அவளுக்கு இருமுனைக் கோளாறு. சில வாரங்கள் தூக்கமே வேண்டாத உற்சாகம். பிறகு சில மாதங்கள் எழுந்து தலைவாரக்கூட முடியாத சோர்வு. மாத்திரைகள் அவளை ஓரளவு நிலையாக வைத்திருந்தன. தனியாக வசித்தாள். தம்பி சங்கரலிங்கம் குடும்பத்தோடு பக்கத்துத் தெருவில் இருந்தான்.

அவள் வைத்தியம் பார்த்துக்கொண்ட மருத்துவமனையில் டாக்டர் தணிகைவேலன் ஓர் ஆய்வைத் தொடங்கினார். இந்த நோயுள்ள அறுபது பேரின் மூளையை ஸ்கேன் எடுப்பது. அவர்களில் முன்பு உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்களின் படங்கள் மற்றவர்களுடைய படங்களிலிருந்து வேறுபடுகின்றனவா என்று பார்ப்பது. ஆவுடை அப்படி எதுவும் முயன்றவள் அல்ல. மாசி மாதம் அவளை ஸ்கேன் எடுத்தார்கள்.

ஸ்கேனுக்கு முன், “உங்க படம் என்ன காட்டுதுன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். உங்ககிட்டயும்தான்” என்றார் டாக்டர். “நிறைய பேரைச் சேர்த்துப் பார்த்தா ஒரு வித்தியாசம் தெரியலாம். தனி ஒருத்தரைப் பத்தி அது எதுவும் உறுதியாச் சொல்லாது.”

ஆவுடை கையெழுத்துப் போட்டாள். “என் தம்பி காதுக்கு மட்டும் எதுவும் போகக் கூடாது சார். பயந்த ஆளு” என்றாள்.

படங்களை ஒப்பிட்டவள் ஜெசிந்தா என்னும் ஆய்வு உதவியாளர். நாற்பத்தொன்றாம் எண் படத்தில் மூளையின் முன்பகுதி மெலிந்திருந்தது. இணைப்பு நரம்புகளும் வலுக் குறைந்திருந்தன. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்களின் படங்களை அப்படியே ஒத்திருந்தது. பட்டியலைத் திறந்து பெயரைப் பார்த்தாள். ஆவுடைநாயகி.

“சார், அவங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?” என்று டாக்டரிடம் கேட்டாள்.

“இதே மாதிரிப் படம் இருந்தும் நல்லா இருக்கிற நாலு பேர் இந்த ஆய்விலேயே இருக்காங்க. நாம வாக்குக் குடுத்திருக்கோம்மா.”

அப்படிச் சொன்னவரும் அன்று மாலை கிளம்புமுன் அந்தப் படத்தை மறுபடி திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தாவுக்குச் சாப்பிடும்போதும் பேருந்தில் வரும்போதும் அந்தச் சாம்பல் நிற உருவமே கண்ணில் நின்றது. பதினோரு நாள் பொறுத்தாள். பன்னிரண்டாம் நாள் சங்கரலிங்கத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள்.

அன்றே அவன் அக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தான். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினான். அவளுடைய அலுவலகத்துக்கு விடுப்புக் கடிதம் அவனே கொடுத்தான். எந்நேரமும் யாராவது ஒருவர் அவளைப் பார்த்தபடி இருந்தார்கள். ஒன்பதாம் நாள் அவள் நேராகக் கேட்டுவிட, அவன் அழுதுகொண்டே காரணத்தைச் சொன்னான்.

அதன்பிறகு அவள் கண்ணாடி முன் நின்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள். “எனக்குத் தெரியாம உள்ள இன்னொருத்தி உக்காந்திருக்கிற மாதிரி இருக்குடா” என்றாள். டாக்டரிடம் காட்ட வேண்டிய தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தும், மறுநாள் காலையே சங்கரலிங்கம் அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனான்.

அங்கே ரத்த அழுத்தம் பார்த்தவர் நர்ஸ் சைனம்பு. படத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆவுடையின் முகத்தைப் பார்த்தவர், தம்பியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“ஆவுடை, செத்துப் போயிரலாம்னு தோணுதா?”

“தோணுது சிஸ்டர்.”

“எப்ப இருந்து?”

“போன ஆடியில இருந்து. எல்லாரும் தூக்கம் வருதா, மாத்திரை போட்டியான்னுதான் கேட்டாங்க. இதை யாரும் கேக்கல.”

சைனம்பு அவளை விட்டு நகரவில்லை. பணியிலிருந்த டாக்டரை அங்கேயே வரவழைத்தார். ஆவுடை மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தாள். மருந்து மாறியது. அந்த நினைப்பு வந்தால் யாரை அழைப்பது என்று அவளும் சைனம்புவும் உட்கார்ந்து எழுதி வைத்தார்கள். ஆறு வருடம் ஆகிறது. ஆவுடை மறுபடி தபால் அலுவலகத்தில் இருக்கிறாள். அந்த நினைப்பு இப்போதும் சில சமயம் வரும். வந்தால் சொல்லிவிடுகிறாள்.

வாக்கைக் காத்தார் டாக்டர். வாக்கை மீறினாள் ஜெசிந்தா. காவல் இருந்தான் தம்பி. கேட்டார் சைனம்பு. இவர்களில் யார் செய்தது சரி?

என் விடை சைனம்பு. படத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்றுதான் டாக்டர் வாக்குக் கொடுத்தார். ஆவுடையை அழைத்து இந்தக் கேள்வியைக் கேட்க அந்த வாக்கு தடையாக இருக்கவில்லை. ஜெசிந்தா ஒரு சந்தேகத்தைத் தீர்ப்பைப்போல, அதுவும் ஆவுடை வேண்டாமென்ற ஆளிடமே, சொல்லிவிட்டாள். தம்பிக்குத் தாழ்ப்பாளைக் கழற்ற முடிந்தது, கேட்க வாய் வரவில்லை. ஆவுடையைச் சந்தித்தபோது இதை அவளிடமே சொன்னேன். “ஜெசிந்தா செஞ்சது தப்புதான். அவ அந்தத் தப்பைச் செய்யலேன்னா, அன்னிக்கு என்னை யாரு அங்க கூட்டிட்டுப் போயிருப்பா?” என்றாள்.